டாப்-அப் அமைப்பை நானே கட்டலாமா? ஃப்ளோட் ஸ்விட்ச், சுண்ணாம்பு, ஸ்கிம்மர்: மூணு கேள்வி

நன்னீரான்:

வணக்கம். நன்னீர் மீன் பல வருஷமா வளர்க்கிறேன், கடல்நீர் பக்கம் வந்தது இப்பதான். தொட்டி 90 × 45 × 50 செ.மீ., கீழே சம்ப் (தடுப்பு வெச்ச துணைத் தொட்டி; மேலேர்ந்து வழியிற தண்ணி இதுல இறங்கி, ரிட்டர்ன் பம்ப் வழியா திரும்ப மேலே போகும்). பாறை பிடிச்ச இடம் போக ரெண்டுலயும் சேர்த்து ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணி நிக்குது. உள்ளே ஒரு ஜோடி க்ளௌன் மீன், ஒரு டோட்ஸ்டூல் லெதர் பவளம், பாறையில அங்கங்க சோவாந்தஸ் (ரெண்டும் கல் எலும்பு இல்லாத வகை). கல் பவளம் எதுவும் இன்னும் இல்ல.

தினம் 3 லிட்டர் ஆவியாகுது. கையாலதான் ஊத்துறேன். ரெண்டு நாள் விட்டா உப்பு 35 பி.பி.டி.யிலேர்ந்து (ஆயிரத்துல 35 பங்கு) 36-க்கு ஏறிடுது. அதனால ஆவியான அளவு நன்னீரைத் தானா ஊத்துற ஆட்டோமேட்டிக் டாப்-அப் ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன்.

திட்டம் இதுதான்: சம்ப்ல ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் (மிதவை ஏறி இறங்குறப்போ ஆன்-ஆஃப் ஆகிறது). பக்கத்து ஷெல்ஃப்ல, சம்ப்பை விட உயரத்துல, 40 லிட்டர் டிரம்முல ஆர்.ஓ. தண்ணி. அதுக்குள்ள ஒரு சின்ன பம்ப். பம்ப் வயர்ல ஒண்ணை வெட்டி நடுவுல ஃப்ளோட் ஸ்விட்ச்சைப் போட்டுட்டா வேலை முடிஞ்சதுதானே?

கூடவே ரெண்டு சந்தேகம். டாப்-அப் தண்ணியிலேயே சுண்ணாம்பைக் கலந்துடலாம்னு படிச்சேன், செய்யலாமா? ஸ்கிம்மரையும் (குமிழி விட்டு அழுக்கை நுரையா வெளியேத்துற கருவி) வீட்டுலயே செய்ய முடியுமா? பி.வி.சி. வேலை, சால்டரிங் ரெண்டும் எனக்குப் பழக்கம்தான்.

சம்ப்படிவாசி:

தம்பி, கட்டலாம். டாப்-அப்தான் முதல்ல கட்ட வேண்டியதும். ஆனா உங்க திட்டத்துல மூணு இடம் இடிக்குது. எல்லாரும் இது எப்படி ஓடும்னு வரைஞ்சு பார்க்கிறாங்க. நான் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இது கெட்டுப்போனா தண்ணி எங்கே போகும்?

முதல்ல வயர். ஃப்ளோட் ஸ்விட்ச்சோட தண்டுக்குள்ள இருக்கிறது ரீட் ஸ்விட்ச். கண்ணாடிக் குழலுக்குள்ள ரெண்டு மெல்லிசான தகடு, மிதவையில ஒரு காந்தம், அவ்வளவுதான். மோட்டார் கரண்ட்டை நேரா அது வழியா விட்டா, ஒவ்வொரு தடவையும் பொறி பறந்து தகடு ரெண்டும் ஒட்டிக்கும். அப்புறம் மிதவை மேலே வந்தாலும் பம்ப் நிக்காது. மெயின்ஸ் கரண்ட்டை உப்புத்தண்ணிக்குள்ள இறக்குற ஆபத்து வேற. அதனால எல்லாமே 12 வோல்ட். ஃப்ளோட் வழியா ரிலே (சின்ன கரண்ட்டால பெரிய கரண்ட்டை ஆன்-ஆஃப் பண்ற ஸ்விட்ச்) காயில் கரண்ட் மட்டும் போகட்டும், பம்ப்பை ரிலே ஓட்டட்டும். காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். இல்லேன்னா காயில் ஆஃப் ஆகிற ஒவ்வொரு தடவையும் கிளம்புற வோல்டேஜ் அதே ரீட் தகட்டைத்தான் தின்னும்.

பம்ப்பை ரிலேயோட நார்மலி ஓப்பன் முனையில (காயிலுக்குக் கரண்ட் இல்லாதப்போ பிரிஞ்சே இருக்கிறது) கட்டுங்க. மிதவை இறங்கினா சர்க்யூட் சேரணும், ஏறினா பிரியணும். மாறி வேலை செஞ்சா மிதவையைக் கழட்டித் தலைகீழாப் போடுங்க, சரியாகிடும். மல்டிமீட்டர் பீப்ல வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் மாட்டுங்க. இப்படிக் கட்டினா எந்த வயர் அறுந்தாலும் பம்ப் நிக்கும். தொட்டி கொஞ்சம் காயும், வீடு நனையாது.

ரெண்டாவது டிரம். 35-ல இருக்கிற 200 லிட்டருக்குள்ள 40 லிட்டர் நன்னீர் மொத்தமா இறங்கினா உப்பு 29-க்கு வந்துடும். அதுக்கு முன்னாடியே சம்ப் வழிஞ்சு தரையில நிக்கும். 10 லிட்டர் கேன் வெச்சீங்கன்னா, மோசமாப் போனாலும் 33-தான். பவளம் முகம் சுளிக்கும், சாகாது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? ஊருக்குப் போறப்போ பெரிய டிரம் வைக்கத் தோணும். ஆள் இல்லாத வீட்டுலதான் அதை வைக்கவே கூடாது. யாராவது வந்து கேனை நிரப்பட்டும்.

மூணாவது ஷெல்ஃப். கேன்ல இருக்கிற தண்ணி மட்டம் குழாய் முனையை விட உயரத்துல இருந்தா, பம்ப் நின்னாலும் சைஃபன் (குழாய் வழியா தண்ணி தானா கீழே இறங்குறது) நிக்காது. கேனைத் தரையில வைங்க. குழாய் முனை கேனோட மட்டத்துக்கு மேலே இருக்கணும், சம்ப் தண்ணியிலயும் முங்கக் கூடாது. முங்கினா உப்புத்தண்ணி திரும்பி கேனுக்குள்ள வரும்.

மிதவையை ரிட்டர்ன் பம்ப் இருக்கிற கடைசி அறையில வைங்க. ஆவியாதல் தெரியிற இடம் அது ஒண்ணுதான், மத்த அறையில மட்டம் தடுப்போட உயரத்துலேயே நிக்கும். ஒண்ணு போதாது, ரெண்டு வேணும். ரெண்டாவதை மூணு செ.மீ. மேலே, முதலாவதோட சீரிஸ்ல. காரணம் நத்தை. மிதவைக்கு அடியில நத்தை உட்கார்ந்தா அது தூக்கியே நிக்கும், டாப்-அப் வராது, ரிட்டர்ன் பம்ப் காத்து இழுத்துக் கத்தும், நீங்க வந்து பார்ப்பீங்க. மிதவை மேலே உட்கார்ந்தா அமுங்கியே நிக்கும், சத்தமே இல்லாம தண்ணி வந்துக்கிட்டே இருக்கும். இந்த ரெண்டாவது வகைக்குத்தான் மேல் மிதவை. ரெண்டையும் சுத்தி ஓட்டை போட்ட பி.வி.சி. துண்டு ஒண்ணை உறை மாதிரி மாட்டிட்டா நத்தைத் தொல்லை பெரும்பாலும் ஓஞ்சிடும்.

நத்தையை விட மெதுவா வர்ற இன்னொரு எதிரி இருக்கு. தண்டுல, மிதவை வந்து நிக்கிற மட்டத்துல, வெள்ளையா ஒரு வளையம் படியும். நகத்தால சுரண்டினா மாவா உதிரும், கால்சியம்தான். அது தடிச்சா மிதவை அங்கே சிக்கி, கொஞ்சம் நின்னு, அப்புறம் டக்குனு விழும். அந்தத் தயக்கம் தெரிஞ்ச அன்னைக்கே கழட்டி வினிகர்ல ஊற வெச்சிடுங்க.

பம்ப்புக்கு என் ஓட்டு பெரிஸ்டால்டிக். நின்னதும் ரோலர் குழாயை நசுக்கிப் பிடிச்சுக்கும், சைஃபன் லேசுல ஓடாது. நிமிஷத்துக்கு 100 மில்லி தள்ளுறதா வாங்கி, 12 வோல்ட் அடாப்டரை ஒரு டைமர்ல சொருகுங்க. 15 நிமிஷம் வீதம் நாளைக்கு மூணு தடவை. அதிகபட்சம் 4.5 லிட்டர், உங்க தேவை 3. ரெண்டு மிதவையும் ஒரே நாள்ல மக்கர் பண்ணாலும் கூடுதலா இறங்குறது ஒண்ணரை லிட்டர். இதுக்கு மைக்ரோகண்ட்ரோலர் எதுவும் வேணாம். ரீஃப்-பை மாதிரி ஓப்பன் சோர்ஸ் கண்ட்ரோலர் நல்ல விஷயம்தான், எனக்கும் ஆசை உண்டு. ஆனா தண்ணியை நிறுத்துற கடைசிப் பொறுப்பை மென்பொருள்கிட்ட கொடுக்க எனக்கு மனசு வராது.

சுண்ணாம்பைப் பத்தி நம்ம வேதியியல்காரர் வந்து சொல்லுவார்.

காரநீர்:

கூப்பிட்டதால் வந்தேன். நன்னீரான், சுண்ணாம்பு இப்போது வேண்டாம்.

25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கால்சியம் ஹைட்ராக்சைடு கரையும். அப்படிச் செறிந்த தெளிநீரின் பி.எச். 12.4 அளவில் இருக்கும். அதை தினம் 3 லிட்டர் விட்டால் உங்கள் 200 லிட்டரில் ஆல்கலினிட்டி (பவளம் எலும்பு கட்ட எடுத்துக்கொள்ளும் கார்பனேட் இருப்பு, அலகு டி.கே.எச்.) நாளுக்கு 1.7 டி.கே.எச். ஏறும். அதைச் சாப்பிட்டுத் தீர்க்க வளர்கிற கல் பவளங்கள் வேண்டும். லெதருக்கும் சோவாந்தஸுக்கும் நீங்கள் மாற்றுகிற உப்புநீரே போதும்.

டாப்-அப் சிக்கிக்கொண்டால் வெறும் நன்னீரில் உப்பு குறையும், அவ்வளவுதான். அதே கேனில் சுண்ணாம்பு இருந்தால் பி.எச். விறுவிறுவென்று ஏறி, தொட்டி பால் மாதிரி வெளுத்து, கால்சியம் கார்பனேட்டாக எல்லாம் கீழே இறங்கிவிடும். மீன் தாங்காது. அதனால் முதலில் டாப்-அப் நம்பகமாக ஓடட்டும். பிறகு கல் பவளம் வந்து, ஆல்கலினிட்டி தினமும் இறங்குவதை டெஸ்ட் கிட்டில் பார்த்த பிறகு, நீர்த்த கரைசலில் ஆரம்பியுங்கள். அப்போதும் அடியில் படிந்த மண்டியை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். இரவில் விடுவது நல்லது, விடியலுக்கு முன்தான் தொட்டியின் பி.எச். கீழே கிடக்கும். தூளைக் கையாளும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

நன்னீரான்:

ரெண்டு பேருக்கும் நன்றி. அண்ணா, 10 லிட்டர் கேன், தரையில, ரெண்டு மிதவை, குறிச்சுக்கிட்டேன். சுண்ணாம்பு கேன்சல். ஸ்கிம்மர் பத்திச் சொல்லலையே? இன்னொண்ணு, கரண்ட் போனா மேல் தொட்டி மொத்தமா சம்ப்புக்கு இறங்கிடுமோன்னு பயமா இருக்கு. ரிட்டர்ன் முனை தண்ணிக்குள்ள 6 செ.மீ. ஆழத்துல இருக்கு. ஒரு செக் வால்வு (தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுறது) போட்டா சரியாகிடுமா?

சம்ப்படிவாசி:

கரண்ட் விஷயம்தான் அவசரம், அதை முதல்ல பார்ப்போம். 90 × 45 தொட்டியில ஒரு செ.மீ. தண்ணி 4 லிட்டர். முனை 6 செ.மீ. ஆழம்னா பம்ப் நின்னதும் அந்த வழியா 24 லிட்டர் திரும்பி வரும். கூடவே குழாய்கள்ல நிக்கிறது. அவ்வளவு காலி இடம் உங்க சம்ப்ல இருக்கா? செக் வால்வை நம்பாதீங்க. ஒரு சின்ன மணல் துகள், கொஞ்சம் பாசி உள்ளே போனாலே அது முழுசா மூடாது. முனையை மேலே தூக்குங்க, தண்ணி மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே நின்னா போதும். தூக்க முடியலேன்னா மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ரிட்டர்ன் குழாய்ல 6 மி.மீ. ஓட்டை ஒண்ணு போடுங்க. மட்டம் இறங்கினதும் அது வழியா காத்து போய் சைஃபன் அறுந்துடும். அந்த ஓட்டையில ஊதா கலர் கோரலைன் பாசி படியும், பல் குத்துற குச்சியால அப்பப்ப குத்தி விடணும்.

செஞ்சு முடிச்சதும் நீங்களே மெயினை ஆஃப் பண்ணிப் பாருங்க. சம்ப்ல தண்ணி ஏறி நிக்கிற இடத்துல மார்க்கர்ல கோடு போட்டு, தினசரி மட்டத்தை அதுக்குத் தோதா வைங்க. மேல் மிதவை தினசரி மட்டத்துலேர்ந்து மூணு செ.மீ. தாண்டி இருக்கணும், மறந்துடாதீங்க.

ஸ்கிம்மர். செய்யலாம். மரத்தால் ஆன ஏர் ஸ்டோன், நீளமான பி.வி.சி. குழாய், ஏர் பம்ப், தண்ணி மேலேர்ந்து கீழே, குமிழி கீழேர்ந்து மேலே. ஓடும். ஆனா மரக்கல் அடைச்சுக்கும், அடிக்கடி மாத்தணும். நுரை ஒரு நாள் கெட்டியா வரும், மறுநாள் தண்ணியா வழியும். அப்படி வழியிறப்போ வெளியே போறது உப்புத்தண்ணி, அதை ஈடுகட்ட உங்க டாப்-அப் ஊத்துறது நன்னீர், உப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். கடையில விக்கிற ஸ்கிம்மர் பலதுலயும் உயிர் நாடி குமிழியை நுணுக்குற ஊசிச் சக்கரப் பம்ப்தான், அதை வீட்டுல செய்யிறது கஷ்டம். அதை மட்டும் விலைக்கு வாங்கி அக்ரிலிக்ல உடம்பு கட்டுறவங்க இருக்காங்க. உங்க தொட்டிக்கு அவ்வளவு பாடு எதுக்கு?

உங்க கைக்கு ஏத்தது பாசி ஸ்க்ரப்பர். அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் நிறுவனத்துல வால்ட்டர் ஏடிங்கிற விஞ்ஞானி தன் பவளத் தொட்டிகளை ஓட்டினது இந்த வழியிலதான். நீளவாக்குல 3 மி.மீ. கீறல் போட்ட குழாய், அதுல தொங்குற பிளாஸ்டிக் வலை, மேலேர்ந்து மெல்லிய திரையாத் தண்ணி, பக்கத்துல 660 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி. வலையை ஹேக்ஸா பிளேடால ரெண்டு பக்கமும் நல்லா கீறுங்க, தொட்டா பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கணும். அப்பதான் பாசி பிடிக்கும். அகலம் ஒரு அங்குலத்துக்கு மணிக்கு 130 லிட்டர் ஓட்டம். 6 அங்குல வலைக்கு 780 லிட்டர், அதை மேல் தொட்டியிலேர்ந்து வழியிற உங்க ஓவர்ஃப்ளோவே கொடுத்துடும். முதல்ல பழுப்பா வழவழன்னு வரும், கவலைப்படாதீங்க, பச்சை முடி பிறகு வரும். வாரம் ஒரு தடவை வலையைக் கழட்டி, சுரண்டி, நன்னீர்ல அலசி மாட்டுங்க. சுரண்டி எறியிறதுதான் தொட்டியிலேர்ந்து வெளியே போற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்.

பொருள்ல ஒரு எச்சரிக்கை. பித்தளை நிப்பிள், செம்பு வயர் முனை எதுவும் தண்ணியைத் தொடக் கூடாது. நத்தை, இறால், பவளம் எதுவும் செம்பைத் தாங்காது. குழாய்க்கு நைலான் கிளிப் போடுங்க. சிலிக்கான் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததா இருக்கணும். அக்ரிலிக்கை அக்ரிலிக்கோட ஒட்ட சிலிக்கான் வேணாம், நாள்பட்டா பிரிஞ்சு வரும், அக்ரிலிக்கைக் கரைச்சு ஒட்டுற சால்வெண்ட் போடுங்க. எல்லா பிளக்குக்கும் முன்னாடி 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிறது) ஒண்ணு இருந்தே ஆகணும், ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு முன்னாடி ஒரு தொங்கல் விட்டு ஏறணும், வயர்ல வழியிற தண்ணி பிளக்குக்குப் போகாம அங்கேயே சொட்டிடும்.

ரிலேயை எங்கே வைக்கப் போறீங்க? கேபினெட்டுக்குள்ளன்னா மூடி போட்ட பெட்டியில வைங்க, உப்புக் காத்துல போர்டு பச்சை பூத்துடும். மாட்டினதும் வயரிங் படம் ஒண்ணு போடுங்க, டயோடு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியிற மாதிரி.