நாற்று வளர்க்கும் எல்.ஈ.டி. விளக்கு விட்டுவிட்டு எரிகிறது; மின்வழங்கியை மாற்றியும் சரிவரவில்லை

உவர்மலைத் தோட்டம் (கேள்வி)

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்னறையொன்றில் குளிரூட்டி பொருத்தி, எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்குகளின் கீழ் லெட்டியூஸ் வளர்த்து, நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு இலை கொடுத்து வருகிறேன். லெட்டியூஸ் விதை முப்பது பாகைக்கு மேற்பட்ட சூட்டில் முளைக்க மறுக்கும். விடுதிகளுக்கு ஆட்கள் வருவதோ கச்சான் காற்று கொளுத்துகிற மாதங்களில்தான். ஆகவே இந்த அறையையும் அதில் தொங்கும் இரண்டு விளக்குகளையும் நம்பித்தான் என் தொழில் நடக்கிறது.

ஒவ்வொரு விளக்கிலும் 288 சிறு எல்.ஈ.டி.கள் கொண்ட இரண்டு பலகைகள் உள்ளன. பலகைகளுக்கு மேலே, அதே சட்டத்தில், அலுமினியப் பெட்டிக்குள், வீட்டு மின்சாரத்தை எல்.ஈ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்வழங்கி பூட்டப்பட்டிருக்கிறது. அதன் லேபலில் உள்ளீடு 100–277 வோல்ற்று, வெளியீடு 36–54 வோல்ற்று, 4400 மில்லியம்பியர் என்று மட்டும் எழுதியிருக்கிறது. தயாரித்தவர் பெயர் இல்லை. நாளுக்குப் பதினாறு மணி நேரமாக மூன்று ஆண்டுகள் எரிந்த விளக்குகள் இவை.

இரண்டு மாதங்களுக்கு முன், ஒரு விளக்கு காலையில் சுவிட்சைப் போட்டதும் எரியாமல் சில விநாடி தாமதிக்கத் தொடங்கியது. அந்தத் தாமதம் நாளடைவில் நிமிடக் கணக்கானது. இப்போது அது எரிவதே இல்லை: விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று மின்னி அணைகிறது, மின்வழங்கிக்குள் 'டிக், டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்கிறது.

நகரில் கேட்டபோது, 240 வாற்று என்றால் எதைப் போட்டாலும் சரி என்றார்கள். எனவே காவல் கமராக்களுக்குப் பயன்படுத்தும், துளைத் தகடு மூடிய 48 வோல்ற்று, 5 அம்பியர் மின்வழங்கி ஒன்றை வாங்கிப் பூட்டினேன். விளக்கு மங்கலாக எரிந்தது. பக்கத்தில் இருந்த சிறிய திருகைத் திருப்பி 51 வோல்ற்று வரை உயர்த்தியதும் நன்றாகவே எரிந்தது. ஆனால் இருபது நிமிடம் கழித்துத் தானாக அணைந்து, மீண்டும் எரிந்து, மீண்டும் அணைகிறது. பலகையும் பழுதாகிவிட்டதா, அல்லது இன்னொரு மின்வழங்கி வாங்க வேண்டுமா?

சென்ற கார்த்திகை மழையில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்ததால் இரண்டு விளக்குகளும் செருகியிருக்கும் நீட்டிப்புப் பலகையின் எர்த் வயரைக் கழற்றிவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு சட்டத்தில் கை பட்டால் இலேசாகச் சுள்ளென்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சீனக்குடாத் திருத்துநர்

தம்பி, விளக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த எர்த் வயரைப் பற்றிப் பேச வேண்டும். இதை வாசித்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். எர்த் வயரைத் திரும்பப் பூட்டும்வரை அந்தச் சட்டத்தைத் தொடாதீர்கள். இவ்வகை மின்வழங்கிகளின் உள்ளீட்டு வடிகட்டியில் இரண்டு சிறிய கொள்ளளவிகள் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்புகள்) இரு கம்பிகளிலிருந்தும் உலோகக் கூட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாதபோது கூடு 230 வோல்ற்றின் பாதியளவில் மிதந்து நிற்கும். உங்களுக்குச் சுள்ளென்பது அதுதான். அந்த மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்சை விழுத்தியது அதைவிடப் பெரிய ஒழுக்கு. அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் எர்த்தைக் கழற்றினால், அடுத்த முறை அந்த ஒழுக்கு ஈரக் கையோடு தட்டைத் தூக்குகிற உங்கள் உடல் வழியாகத்தான் நிலத்துக்குப் போகும்.

இனி விளக்கு. பழைய லேபலில் 36–54 வோல்ற்று என்று ஒரு வீச்சும், 4400 மில்லியம்பியர் என்று ஒரே எண்ணும் இருப்பதைப் பாருங்கள். அது மாறா மின்னோட்டம் தருவது: 4.4 அம்பியரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வோல்ற்றைப் பலகையின் விருப்பத்துக்கு விட்டுவிடும். நீங்கள் வாங்கியது மாறா வோல்ற்று தருவது. மின்னோட்டம் எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பற்றி, தன் எல்லையை அது தாண்டும்வரை, அதற்குக் கவலையில்லை. எல்.ஈ.டி. சூடேறும்போது அதற்குத் தேவையான வோல்ற்று பாகைக்கு ஒன்று இரண்டு மில்லிவோல்ற்று வீதம் குறைகிறது. உங்கள் பலகை, 288 என்ற எண்ணிக்கையையும் 54 என்ற எல்லையையும் வைத்துப் பார்த்தால், பதினெட்டு எல்.ஈ.டி.கள் கொண்ட பதினாறு வரிசைகளாக இருக்க வேண்டும். நாற்பது பாகை சூடேறினால் ஒரு வரிசைக்குத் தேவையானது ஏறத்தாழ ஒரு வோல்ற்று குறைந்துவிடும். மின்வழங்கியோ 51இலேயே அசையாமல் நிற்கும். எல்.ஈ.டி.யில் ஒரு வோல்ற்று மிகை என்பது மின்னோட்டத்தில் பெரிய மிகை. அது இன்னும் சூட்டைக் கூட்டும், சூடு இன்னும் மின்னோட்டத்தைக் கூட்டும். இருபதாவது நிமிடத்தில் 5 அம்பியரைத் தாண்டியதும் மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது, ஆறியதும் மீண்டும் முயல்கிறது. அதைத் தயவுசெய்து கழற்றி வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பலகை அடி வாங்குகிறது.

பலகை நலமா என்று தெரியாமல் எதையும் வாங்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரை டயோட் அளவீட்டில் வைத்து, ஒவ்வொரு எல்.ஈ.டி.யின் இரு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். மின்கலம் நன்றாக உள்ள மீற்றர் என்றால் நல்ல எல்.ஈ.டி. மங்கலாக ஒளிரும். அடுத்து, பலகையின் வயர்களைக் கழற்றி, பழைய மின்வழங்கியைத் தனியே இயக்கி, அதன் வெளியீட்டு வோல்ற்றை அளந்து எழுதுங்கள். ஒன்றை மறவாதீர்கள்: மின்வழங்கி இயங்கிக்கொண்டிருக்கும்போது பலகையை ஒருபோதும் செருகக் கூடாது. சுமையில்லாத மாறா மின்னோட்ட மின்வழங்கி தன் உச்ச வோல்ற்றில் நிற்கும். செருகிய கணத்தில் வெளியீட்டுக் கொள்ளளவியில் சேர்ந்திருப்பது முழுவதும் எல்.ஈ.டி.களுக்குள் பாய்ந்துவிடும்.

தம்பலகாமத்து நாற்றுமேடை

நானும் இப்படித்தான் வாற்றை மட்டும் பார்த்து ஏமாந்தேன், தம்பி. எனக்குக் கிடைத்தது வேறு வகை: 100–170 வோல்ற்று, 1500 மில்லியம்பியர். அதுவும் 240 வாற்றுக்கு அண்மையானதுதான், அதுவும் மாறா மின்னோட்டந்தான். ஆனால் என் பலகைக்கு 48 வோல்ற்றே போதும் என்பதால் ஒரு கணம் மின்னிவிட்டு நின்றுபோனது. அந்த வகையின் வெளியீட்டு வயரே தொட்டால் ஆபத்தானது என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். மின்னோட்டம் பொருந்த வேண்டும், பலகையின் வோல்ற்று அந்த வீச்சுக்குள் விழ வேண்டும். வாற்று அவற்றுக்குப் பிறகு வருவது.

உவர்மலைத் தோட்டம்

நன்றி ஐயா, நன்றி அக்கா. முதல் வேலையாக எர்த் வயரைப் பூட்டினேன். உடனே ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. விளக்குகளின் பிளக்குகளைக் கழற்றிய பின்னரும் விழுந்ததால், நாற்றுத் தட்டுகளுக்குக் கீழே கிடந்த நீட்டிப்புப் பலகையைத் திறந்து பார்த்தேன். உள்ளே பித்தளைத் தகடுகளின் மேல் பச்சையாகப் பூத்து, இடைவெளி முழுவதும் ஈரமான வெண்ணிற உப்புப் படிந்திருந்தது. அதை எறிந்துவிட்டுப் புதியதைச் சுவரில் உயரத்தில் பொருத்திய பிறகு ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. சட்டத்தைத் தொட்டாலும் இப்போது சுள்ளென்பதில்லை.

பலகைகள் இரண்டையும் எல்.ஈ.டி. எல்.ஈ.டி.யாகத் தொட்டுப் பார்க்க ஒரு மாலை முழுவதும் பிடித்தது. நீங்கள் சொன்னபடியே பதினெட்டுக்கு ஒரு வரிசைதான். ஒரு பலகையில் ஒரே ஒரு எல்.ஈ.டி. ஒளிரவில்லை, அதன் மஞ்சள் முகத்தில் குண்டூசி முனையளவு கறுப்புப் புள்ளி தெரிகிறது. பழைய மின்வழங்கியின் வெளியீடு சுமையில்லாமல் இருந்தபோதும் நிற்காமல், சுழியத்துக்கும் இருபதுக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. அந்த ஒரு எல்.ஈ.டி.யை வயர்த் துண்டால் இணைத்துவிடலாமா?

சீனக்குடாத் திருத்துநர்

இணைக்க வேண்டாம். அப்படிச் செய்தால் அந்த வரிசையில் பதினேழு எல்.ஈ.டி.கள்தான் இருக்கும், பக்கத்து வரிசைகளைவிடக் குறைந்த வோல்ற்றில் அது மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கி, மற்ற வரிசைகளின் பங்கையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு பலகைகளிலும் சேர்த்து முப்பத்திரண்டு வரிசைகள் உள்ளன. ஒரு வரிசை இல்லாமற்போனால் மற்ற ஒவ்வொன்றுக்கும் 137 மில்லியம்பியருக்குப் பதிலாக 142 ஓடும். அதைத் தாங்கும். அப்படியே விடுங்கள்.

நீங்கள் முதற் கேள்வியிலேயே நோயைச் சொல்லிவிட்டீர்கள். சில விநாடித் தாமதம், பிறகு நிமிடக் கணக்கான தாமதம், பிறகு டிக் டிக். பலகை கழற்றப்பட்ட நிலையிலும் அது துடிப்பதால், கோளாறு மின்வழங்கிக்குள்ளேதான். உள்ளே கட்டுப்படுத்தும் ஐ.சி. (சிறு சில்லு) ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் விரல் நுனியளவான ஒரு மின்பகுப்புக் கொள்ளளவி, பெரும்பாலும் 22 அல்லது 47 மைக்ரோபரட், 50 வோல்ற்று. சுவிட்சைப் போட்டதும் உயர் வோல்ற்றிலிருந்து ஒரு தடையி வழியாக அது மெல்ல மெல்ல நிரம்பும், நிரம்பியதும் ஐ.சி. விழிக்கும்; விழித்த ஐ.சி., மின்மாற்றியின் துணைச் சுருள் தனக்கு உணவு தரத் தொடங்கும்வரை, அந்தக் கொள்ளளவியில் உள்ளதைக் கொண்டுதான் தாக்குப்பிடிக்க வேண்டும். கொள்ளளவிக்குள் இருக்கும் திரவம் வற்றியிருந்தால் ஐ.சி. இடையிலேயே மயங்கி விழும், கொள்ளளவி மீண்டும் நிரம்பும், ஐ.சி. மீண்டும் விழும். நீங்கள் கேட்கும் டிக் டிக் அதுதான். இரவெல்லாம் குளிரூட்டியில் கிடந்த கொள்ளளவி காலையில் இன்னும் மோசமாக இருக்கும் என்பதால்தான் காலையில் தாமதம் தொடங்கியது.

உங்கள் மின்வழங்கியின் உட்புறம் பிசினால் நிரப்பப்படாததாக இருந்தால் திறந்து பார்க்கலாம். திறப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடமாவது காத்திருங்கள். உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவியில் 325 முதல் 400 வோல்ற்று வரை தேங்கியிருக்கலாம். மீற்றரால் அளந்து, ஐந்து வோல்ற்றுக்குக் கீழே வந்த பிறகே கை வையுங்கள். மூடி திறந்த நிலையில் மின்சாரம் கொடுக்க வேண்டாம். பற்றாசுக் கோல் பிடித்துப் பழக்கமில்லையென்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். இதில் துணிவைவிடப் பழக்கம் முக்கியம்.

ஆனால் ஏன் வற்றியது என்பதை விட்டுவிட்டுக் கொள்ளளவியை மட்டும் மாற்றினால் இரண்டு ஆண்டில் திரும்பி வருவீர்கள். இவ்வகைக் கொள்ளளவியின் ஆயுள், சூடு பத்துப் பாகை ஏறும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். உங்கள் மின்வழங்கி பலகையின் முதுகிலேயே அமர்ந்து, பலகையின் சூட்டையும் தன் சூட்டையும் சேர்த்து, 17,500 மணி நேரம் சுமந்திருக்கிறது. அதை அறைக்கு வெளியே சுவரில் பூட்டி, வெளியீட்டு வயரை மட்டும் தடிப்பான கம்பியாக உள்ளே கொண்டு வாருங்கள். வயர் உள்ளே நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். நமது ஊரில் கடற்காற்று எட்டாத சுவர் இல்லை. ஆகவே துளைத் தகடு மூடிய வகையை இங்கே எவருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாவது விளக்கும் அதே வயதுதான், அதுவும் இதே வழியில் போகும். எனவே ஒன்றைத் திருத்தி மாற்றாக வைத்துக்கொண்டு, ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். மீன்வெல் நிறுவனத்தின் எச்.எல்.ஜி.-240எச்-54ஏ மின்வழங்கி உங்கள் பலகைக்குப் பொருந்தும்: 54 வோல்ற்று, 4.45 அம்பியர், 27 முதல் 54 வோல்ற்று வரை மாறா மின்னோட்டத்தில் இயங்கும். உள்ளே முழுவதும் பிசின் நிரப்பி மூடப்பட்டிருக்கும். பழுதானால் திறக்க முடியாது என்பது அதன் குறை. உப்பும் ஈரமும் உள்ளே போக முடியாது என்பதற்காக அந்தக் குறையை நான் ஏற்றுக்கொள்வேன். இறப்பர் அடைப்பான்களுக்குக் கீழே இரண்டு திருகுகள் உள்ளன. ஒன்று வோல்ற்றுக்கு, மற்றது மின்னோட்டத்துக்கு. வோல்ற்றுத் திருகைத் தொடாமல் மின்னோட்டத்தை 4 அம்பியருக்குக் குறைத்து வையுங்கள்.

உவர்மலைத் தோட்டம்

ஐயா, பழையதைத் திறந்து பார்த்தேன், பிசின் இல்லை. ஐ.சி.க்கு அருகில் 47 மைக்ரோபரட் என்று எழுதிய கொள்ளளவி ஒரு வெப்பத் தகட்டை ஒட்டி நின்றது. மேற்புறம் வீங்கவில்லை, வெளித்தோற்றத்தில் புதியது போலவே இருந்தது. கழற்றி அளந்தபோது மீற்றர் 6 என்று காட்டியது. 105 பாகைக்குரிய புதியதை, கால்களைச் சற்று நீளமாக விட்டு, தகட்டிலிருந்து விலக்கிச் சாய்த்துப் பற்றாசு வைத்து, மூடியைப் பூட்டிப் பலகையை இணைத்த பிறகு சுவிட்சைப் போட்டேன். அரை விநாடியில் எரிந்தது.

புதிய மின்வழங்கி கொழும்பிலிருந்து வந்து, இப்போது நடைபாதைச் சுவரில் இருக்கிறது. மின்னோட்டத்தை அளக்க, பிளக்கைக் கழற்றிய நிலையில் மீற்றரைப் பத்து அம்பியர்த் துளையில் வரிசையாக இணைத்துவிட்டே இயக்கினேன்: 4.02 அம்பியர். பலகை முனைகளில் தொடக்கத்தில் 49.6 வோல்ற்று, ஒரு மணி நேரம் கழித்து 48.8, மின்னோட்டம் அசையவில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு வோல்ற்றை மீற்றரிலேயே பார்த்துவிட்டேன்.

இன்னொரு சிறு கேள்வி: விளக்கு இப்போது முன்னிலும் சற்று மங்கல் என்பதால் தட்டுகளை உயர்த்தலாமா?

தம்பலகாமத்து நாற்றுமேடை

4.4இலிருந்து 4க்குக் குறைத்ததில் போனது பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கும் குறைவுதான், தம்பி. தட்டை உயர்த்துவதற்கு முன் நேரத்தைப் பதினாறிலிருந்து பதினேழரை மணியாகக் கூட்டிப் பாருங்கள். லெட்டியூஸ் நாளொன்றுக்குக் கிடைக்கும் மொத்த வெளிச்சத்துக்குத்தான் வளர்கிறது. தட்டை உயர்த்தினால் நடு நாற்றுகளின் நுனி கருகுவதை எங்கள் மேடையில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.