எக்ஸ்எல்1 795 கிலோ, வேகன் ஆரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்: மைலேஜ் ஏன் எட்டவில்லை?

வெள்ளவத்தை_வாசி:
வொக்ஸ்வேகனின் எக்ஸ்எல்1 என்ற பிளக்-இன் ஹைபிரிட் கார் 100 கிலோமீற்றருக்கு 0.9 லீற்றர் டீசல் என்கிறார்கள். எங்கட வேகன் ஆர் ஹைபிரிட்டும் 800 கிலோவுக்குள்தானே? எடை குறைந்தால் போதுமென்றால் இது ஏன் அதற்குக் கிட்டவும் வரவில்லை?

மருதானை_ஓட்டோ:
0.9 என்பது பற்றரியை பிளக்கில் முழுசாகச் சார்ஜ் பண்ணி ஓடிய சோதனைக் கணக்கு. 5.5 கிலோவாட்-மணி கரண்டும் அதற்குள் இருக்கிறது. கரண்ட் பில்லை யாரும் கூட்டிச் சொல்வதில்லை. மற்றது காற்றுத்தடை: எக்ஸ்எல்1இன் காற்றுத்தடைக் குணகம் 0.189, உயரமும் 1.15 மீற்றர்தான். வேகன் ஆர் அலுமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும். மணிக்கு 30 கிலோமீற்றரில் இருக்கும் காற்றுத்தடை 90இல் ஒன்பது மடங்கு. ஆனால் அது கட்டுநாயக்க அதிவேகப் பாதைக் கணக்கு. காலி வீதி நெரிசலில் காற்று பெரிய விஷயமே இல்லை. அங்கே பிரேக் பிடிக்கும்போது எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி. வேகன் ஆரில் பெல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார், ஏறக்குறைய 2 கிலோவாட். மிச்சமெல்லாம் பிரேக் பேடில் சூடாகப் போகும். டொயோட்டா ஆக்குவா ஹைபிரிட் ஏறக்குறைய 1,080 கிலோ, ஆனால் மோட்டார் 45 கிலோவாட். ஏசி கம்பிரசரும் கரண்டில் ஓடுவதால் சிக்னலில் எஞ்சின் நின்றாலும் குளிர் நிற்காது. நகரத்துக்குள் பாரமான வண்டி வெல்வது இதனால்தான்.

பஞ்சிகாவத்தை_பார்ட்ஸ்:
எடையை எதில் குறைக்கிறார்கள் என்றும் பாருங்கள். 2007 டோக்கியோ கண்காட்சியில் டொயோட்டா காட்டிய 1/எக்ஸ் 420 கிலோ, கார்பன் ஃபைபர். அடிபட்டால் அது தகரம் மாதிரி நெளியாது. உள்ளே அடுக்குப் பிரியும், வெளியே தெரியாது. நாணயத்தால் தட்டினால் மந்தமான சத்தம் வரும் இடம் சந்தேகம். தட்டி நிமிர்த்த வழியில்லை, வெட்டிப் புது அடுக்குப் போடவேண்டும். கார்பன் அலுமினியத்தில் நேராகத் தொட்டால் கடற்காற்றில் அலுமினியம் அரிக்கும். நடுவில் கண்ணாடியிழை அடுக்கு வேண்டும். 2012இல் அதே டொயோட்டா காட்டிய எஃப்டி-பிஎச், கார்பன் இல்லாமல் உயர்வலு உருக்கில் 786 கிலோ. உருப்படியான வழி அதுதான். அந்த உருக்கையும் காஸ் டோர்ச்சால் சூடாக்கி நிமிர்த்தக்கூடாது, பலம் போய்விடும்.

வெள்ளவத்தை_வாசி:
அப்ப பழைய ஆக்குவா எடுத்தால் முதலில் எதைப் பார்க்க?

மருதானை_ஓட்டோ:
பின்சீற்றுக்குக் கீழே பற்றரி காற்று இழுக்கும் வாயில். தூசும் முடியும் அடைத்தால் பற்றரி சூடாகும், கணினி கரண்டைக் குறைக்கும், எஞ்சின் அடிக்கடி ஓடும். பிறகு ஸ்கேனரில் பிளொக் வோல்ட்டேஜ், அதாவது பற்றரிக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டேஜ்: முடுக்கும்போது ஒன்று மட்டும் விழுந்தால் அந்தப் பகுதியின் மொடியூல் பலவீனம். ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். பழையதோடு புதியது ஒத்துப்போகாது, அடுத்தது விரைவில் போகும்.