சிறு பிள்ளைக்கு மூச்சுப் பரிசோதனை செய்தவர்கள் உண்டா?

வணக்கம். சிங்கப்பூர் பொங்கோலில் இருக்கிறோம். மகனுக்கு 4 வயது. பாலர் பள்ளியில் சளி பிடித்தால் போதும், அன்றிரவே நெஞ்சில் பூனை கத்துவது போல் இழுப்பு, விலாவெல்லாம் உள்வாங்கும். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வைத்து, இழுப்பைத் தணிக்கும் நீல நிற இன்ஹேலர் கொடுத்துவிட்டு, விடிய விடிய மடியில் போட்டிருப்பேன்.

பின்னாளில் ஆஸ்துமாவாகுமா என்று கேட்டேன். வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளவைப் பார்க்கலாம், ஒவ்வாமை அழற்சி இருந்தால் கூடியிருக்கும், ஆனால் அது மட்டுமே முடிவாகாது என்றார் மருத்துவர். சுமார் 6 விநாடி ஒரே சீராக ஊத வேண்டுமாம். பிறந்தநாள் மெழுகுவத்தியையே எச்சில் தெறிக்க அணைப்பவன் இவன்!

இந்த வயதில் செய்தவர்கள் எப்படிப் பழக்கினீர்கள்? முடிவைப் பார்த்து மருந்தை மாற்றினார்களா? வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார், பலருக்கு அப்படித்தான். மகனுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் படையும் (எக்ஸிமா) இருப்பதால்தான், ஒவ்வாமையாக இருந்து ஆஸ்துமாவாகிவிடுமோ என்று எனக்குப் பயம்.