பெங்களூரில் படத்திறப்பு: அப்பா, அம்மாவுக்கு விடைகொடுக்கும் நாளில் கவனிக்க வேண்டியவை (பெங்களூர்த் தமிழர் குழு உறுப்பினர்கள் பகிர்ந்தவை)

அல்சூர் உறுப்பினர்:

16-ஆம் நாள் படத்திறப்பில் பெற்ற பிள்ளைகள் பேசத்தான் நேரம் கிடைப்பதில்லை. காலையில் காரியம், பதினொன்றரைக்கு ஹாலில் படத்திறப்பு, ஒரு மணிக்குப் பந்தி. சேலம், வேலூரிலிருந்து வந்தவர்கள் மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவே சங்கத்தார், ஆபீஸ்காரர்கள், வார்டு பிரமுகர் என்று ஆளாளுக்கு மைக்கைப் பிடித்தால், மகள் எழுந்திருக்கும்போது இலை போட்டுவிடுவார்கள். ஆகவே முதலில் பிள்ளைகள், பிறகு பேரப்பிள்ளைகள். வெளியாட்கள் இரண்டு பேர் போதும். முந்தின நாளே இதைச் சொல்லிவிடுங்கள். சிவபுராணம் ஓதுவதாக இருந்தால் 95 அடிக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள். அவசரமாக ஓடவிடக் கூடாது.

பேச்சை எழுதி வையுங்கள். நிதானமாகப் படித்தால் 3 நிமிடத்துக்குச் சுமார் 250 சொல் வரும். செல்போனைப் பார்த்துப் படிக்காதீர்கள். கண் கலங்கினால் திரை தெரியாது, நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். தாளில், ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில் இருக்கட்டும். இன்னொரு பிரதியை மருமகளிடமோ மருமகனிடமோ கொடுத்து வைத்தால், தொண்டை அடைத்து நின்றுவிட்டாலும் அவர் தொடர்ந்து படிப்பார். ‘அன்பானவர், பண்பானவர்’ என்று அடுக்குவதில் அம்மா தெரிய மாட்டார். பி.எம்.டி.சி. பஸ் பாஸை மஞ்சள் பைக்குள் எந்த மடிப்பில் வைத்திருப்பார், சில்லறையை எப்படி முடிந்துவைப்பார் என்று சொன்னால் சபை முழுக்க அவரைப் பார்க்கும்.

தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் கன்னட எழுத்தில் எழுதிப் படிக்கலாம். ழகரத்துக்கு அங்கே இன்று புழங்கும் எழுத்து இல்லை. அந்தச் சொற்களை மட்டும் முந்தின இரவு வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

ஸ்ரீராமபுரம் உறுப்பினர்:

படத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் கண்கள் கலங்கலாகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். அதை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 12×18 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 2400×3600 பிக்ஸல் இருந்தால் நல்லது. பழைய ஆல்பப் படம் என்றால் செல்போனில் எடுக்காமல் ஸ்டூடியோவில் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோக்காரர் தானாக முகத்தை வெளுப்பாக்கி, கோட்டு போட்டுவிடுவார். வேண்டாம் என்று முன்பே சொல்லாவிட்டால், அப்பா வேறு யாரோபோல உட்கார்ந்திருப்பார். ஜன்னலுக்கு எதிரே படத்தை வைத்தால் கண்ணாடியில் வெளிச்சம்தான் தெரியும், முகம் தெரியாது. மாலையை ஃபிரேமின் ஓரமாகத் தொங்கவிடுங்கள், நெற்றியை மறைக்க வேண்டாம்.

கே.ஆர்.புரம் உறுப்பினர்:

அஸ்தி பற்றி. இங்கிருந்து பலரும் போவது ஸ்ரீரங்கப்பட்டணம் பஸ்சிமவாகினிக்கு. காவிரி அங்கே மேற்கு நோக்கித் திரும்புகிறது. பெங்களூரிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை, காரில் போவதே வசதி. பெரியவர் ஒருவரின் சாம்பலும் எலும்பும் இரண்டு மூன்று கிலோ இருக்கும். மண் கலயத்தின் வாயைத் துணியால் இறுகக் கட்டி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் வைத்தால் வேகத்தடையில் உடையும். கோடையில் தண்ணீர் வற்றி, பாசி பிடித்த கல்தான் இருக்கும். வயதானவர்களைக் கடைசிப் படி வரை இறக்காதீர்கள். கரைக்கும்போது பாலிதீன் பையும் துணியும் ஆற்றில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர் உடலில் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் தகனத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சொல்லி எடுத்துவிட வேண்டும், பேட்டரி சூட்டில் வெடிக்கும்.

ஜாலஹள்ளி உறுப்பினர்:

இறப்புப் பதிவுக்கு 21 நாள் கெடு, அதற்குள் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் கொடுப்பார்கள். வீட்டில் இறந்தால் குடும்பத்தார் கொடுக்க வேண்டும், டாக்டரின் மரணக் காரணச் சான்றும் வேண்டும். படத்திறப்பு முடியட்டும் என்று விட்டால் ஐந்து நாள்தான் மிஞ்சும். நம் ஆட்களுக்குச் சிக்கல் இனிஷியல்தான். ஆதாரில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்தாக இருக்கும். சான்றில் ஆதாரில் உள்ளபடியே பெயர் வரட்டும். பென்ஷன், எல்.ஐ.சி., பேங்க் என்று தனித்தனியாகக் கேட்பார்கள், பிரதிகள் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.