புதுப்பிப்பு: கனடாவிலிருந்து வந்த வி.ஸ்மைல் கிளிநொச்சியில் வேலை செய்கிறது

அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய பழைய வி.ஸ்மைலை, அதாவது தொலைக்காட்சியில் இணைத்துச் சின்னப் பிள்ளைகள் விளையாடிப் படிக்கும் பெட்டியை, இங்கே பயன்படுத்த முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிகிறது. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் எச்சரித்தது சரிதான். உடன் வந்த அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் வீடுகளுக்கு வருவது 230. அதை எடுத்து வைத்துவிட்டு, ‘சி’ அளவுப் பற்றரிகள் நான்கைப் போட்டேன்.

படம்தான் அலைக்கழித்தது. தொலைக்காட்சிக்குப் படத்தையும் நிறத்தையும் அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். வட அமெரிக்கப் பெட்டி என்.டி.எஸ்.சி. என்ற முறையில் படம் தருகிறது; இலங்கையில் பி.ஏ.எல். என்ற முறை. எங்கள் பழைய தொலைக்காட்சியில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தது. சிவப்புப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, திரையில் சிவப்பு எது என்று மகள் என்னைக் கேட்டாள். என்ன சொல்வது? சித்தப்பா வீட்டுப் புதிய தொலைக்காட்சி இரண்டு முறைகளையும் ஏற்கிறது. அங்கே பெட்டியின் கம்பியிலுள்ள மஞ்சள், வெள்ளை முனைகளைச் செருகியதும் நிறங்கள் பளிச்சென்று வந்துவிட்டன.

2004இல் வெளிவந்த பெட்டி இது. இணையம் வேண்டாம், விளம்பரம் குறுக்கிடாது. சின்னப் பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பேன். ஆனால் பெட்டியில் செருகும் விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ்களில் எங்களிடம் உள்ளவை ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகின்றன. ஆனா, ஆவன்னாவை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பரந்தன், வட்டக்கச்சிப் பக்கம் யாரிடமாவது இதற்கான கார்ட்ரிட்ஜ்கள் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.