ஏஎஸ்எல்ஆர் டெஸ்ட் அப்பப்ப புட்டுக்குது, ரீட்ரை போட்டு விட்டுடலாமா?

நைட்ஷிப்ட்:
வணக்கம் மக்களே. லினக்ஸ் கர்னல் 5.15 மேல செக்யூரிட்டி ரிக்ரெஷன் டெஸ்ட் (முன்னாடி வேலை செஞ்சது ஏதும் உடையலயான்னு பாக்குறது) ஓட்டிட்டு இருக்கோம். அதுல ஒண்ணு ஏஎஸ்எல்ஆர் டெஸ்ட், அதாவது புரோகிராம் ஓடுற ஒவ்வொரு தடவையும் கர்னல் மெமரி அட்ரஸ மாத்தி மாத்தி வைக்குதான்னு பாக்குறது: சின்ன புரோகிராம் ஒண்ண 20 தடவ ஓட்டி, ஒவ்வொரு தடவையும் லிப்சி (சி மொழியோட அடிப்படை லைப்ரரி) எந்த அட்ரஸ்ல உக்காருதுன்னு எடுத்து, எல்லாமே வேற வேறயா இருந்தா பாஸ், ரெண்டு ஒண்ணா வந்துட்டா ஃபெயில். 64 பிட்ல ஒரு தடவ கூட விழுந்ததில்ல, 32 பிட்ல ஒரு நாள் பச்சை ஒரு நாள் சிவப்பு. லீட் மூணு ரீட்ரை (விழுந்தா தானா திரும்ப ஓட்டுறது) போட்டு மூடச் சொல்றாரு. என்ன பண்ணலாம்?

பைப்லைன்பாலு:
போட்டு விடுங்க ப்ரோ, இதுல என்ன யோசனை. ராண்டமான விஷயத்த டெஸ்ட் பண்ணா ரிசல்ட்டும் அப்படித்தான் வரும். தினமும் சிவப்பா இருந்தா ஒரு வாரத்துல எவனும் திரும்பிக்கூட பாக்க மாட்டான், அப்புறம் நெசமாவே உடைஞ்சாலும் "அது எப்பவும் அப்படித்தான்பா"ன்னு மெர்ஜ் பண்ணிட்டு போய்ட்டே இருப்பான்.

பூட்லோடர்:
கணக்கு போட்டுட்டு பேசுவோம் பாலு. எக்ஸ்86ல 64 பிட் புராசஸுக்கு எம்மேப் ராண்டம் பிட்ஸ் (லைப்ரரிய எத்தன இடத்துல மாத்தி வைக்கலாம்னு சொல்ற செட்டிங்) டீஃபால்ட் 28, அதாவது 26 கோடிக்கு மேல இடம், 20 தடவைல எங்க மோதப்போகுது. 32 பிட்டுக்கு வெறும் 8, மொத்தமே 256 இடம். 256 சீட்டுல 20 பேர கண்ணக் கட்டி உக்கார வெச்சா எங்கயாச்சும் ரெண்டு பேர் ஒரே சீட்டுல விழ 53 சதவீதம் வாய்ப்பு இருக்கு. கர்னல் அது வேலைய ஒழுங்காத்தான் பாக்குது, டெஸ்ட்ல எழுதின கண்டிஷன் தான் கோளாறு. மூணு ரீட்ரை போட்டாலும் நூத்துக்கு 8 தடவ சிவப்பு வரும், போட்டுப் பாருங்க.

பைப்லைன்பாலு:
சரி தல, அப்ப "20ல ஒண்ணாவது வேறயா இருந்தா பாஸ்"னு மாத்திட்டா முடிஞ்சுது. இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய கிளாஸ்.

பூட்லோடர்:
அதுல தான் மாட்டுவீங்க. உங்க 5.15க்கு அப்புறம் வந்த 5.18 கர்னல்ல பெரிய ஃபைல்கள 2 எம்பி எல்லைல மேப் பண்ற மாதிரி ஒரு மாற்றம் வந்துச்சு, ஹியூஜ் பேஜுக்காக (மெமரிய பெரிய துண்டா எடுத்தா வேகம்), நல்ல எண்ணத்துல தான். ஆனா வழக்கமான 4 கேபி எல்லைக்கு பதிலா 2 எம்பி எல்லைன்னா 512 மடங்கு, அதாவது 9 பிட் ராண்டம்னஸ் காலி. 32 பிட்ல இருந்ததே 8, அதனால 2 எம்பிக்கு மேல இருக்குற லைப்ரரி எல்லாம் ஒரே இடத்துல ஆணியடிச்ச மாதிரி நின்னுச்சு, 64 பிட்ல 28 போய் 19 ஆச்சு. 5.18 வந்தது 2022 மே, இது பரவலா வெளிய பேசப்பட்டது 2024 ஜனவரி. 64 பிட்ல 19 பிட்னாலும் 5 லட்சம் இடம் இருக்கு, உங்க பழைய கண்டிஷனும் பாஸ், பாலு சொல்ற கண்டிஷனும் பாஸ், ரெண்டுமே இத கோட்ட விட்டுடும்.

கண்ணால பாக்கணும்னா லிப்சியோட ஆரம்ப அட்ரஸ ஹெக்ஸ்ல அச்சடிங்க. சரியா இருந்தா கடைசி மூணு சைபர் மட்டும் எப்பவும் நிக்கும், எப்ப ஓட்டினாலும் அஞ்சு சைபர்ல முடிஞ்சா அங்க ஏதோ இருக்கு. இன்னொண்ணு, எக்ஸ்ப்ளாய்ட் (ஓட்டைய வெச்சு தாக்குற கோட்) எழுதுறவனும் ரீட்ரை போடுவான் பாலு. அதே அட்ரஸோட தன்னையே நகல் எடுத்து ஃபோர்க் பண்ணிட்டே இருக்குற 32 பிட் சர்வர்னா 256 தடவைக்குள்ள அட்ரஸ கண்டுபிடிச்சிடுவான்.

சுருளி:
நடுவுல வரதுக்கு மன்னிக்கவும். ரீட்ரை போட்டா சுத்தமா வேலைக்கே ஆகாத கேஸும் இருக்கு. யாமால (கர்னல்ல ஒரு செக்யூரிட்டி மாட்யூல்) பிட்ரேஸ் ஸ்கோப்ப, அதாவது ஒரு புராசஸ இன்னொண்ணு டீபக் பண்ணலாமாங்கிற செட்டிங்க, 3னு வெச்சா ரீபூட் பண்ற வரைக்கும் மாத்தவே முடியாது, மாட்யூல்ஸ் டிஸேபிள்டும் (கர்னல்ல புது மாட்யூல் லோட் ஆகாம தடுக்குற செட்டிங்) அதே கதை, 1 போட்டா போட்டது தான். டெஸ்ட் வரிசைய ஷஃபிள் பண்றவங்க வீட்ல இந்த செட்டிங்க போடுற டெஸ்ட் முன்னாடி வந்துட்டா பின்னாடி டீபக்கர் டெஸ்ட், மாட்யூல் லோட் டெஸ்ட் எல்லாம் வரிசையா விழும், பின்னாடி வந்தா எல்லாம் பச்சை. பாக்குறவனுக்கு ஃப்ளேக்கி (காரணமே இல்லாம அப்பப்ப விழுற டெஸ்ட்), ஆனா உள்ள ஒரு ராண்டமும் கிடையாது. அந்த மாதிரி ஒன்வே ஸ்விட்ச் டெஸ்ட்டுக்கெல்லாம் தனித்தனி விஎம் (விர்ச்சுவல் மெஷின்), வேல முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடணும்.

பைப்லைன்பாலு:
அது ஓகே. ஆனா செக்காம்ப் (புராசஸ் போடுற சிஸ்டம் கால்கள வடிகட்டுற கர்னல் வசதி) பெஞ்ச்மார்க்குக்கு என்ன சொல்றீங்க? ஃபில்டர் இல்லாம கெட்பிஐடிங்கிற சிஸ்டம் கால் எவ்ளோ நேரம், ஃபில்டரோட எவ்ளோ நேரம்னு ஒப்பிடுது, பக்கத்து விஎம்ல எவனாவது கம்பைல் ஓட்டினா நம்மளது விழுது. எதிர்பாக்காத ரிசல்ட் வந்தா சாம்பிள கூட்டி திரும்ப ஓட்டிப் பாருன்னு அந்த டெஸ்ட்டே அச்சடிக்குது. எழுதினவங்களே ரீட்ரை சொல்றாங்கல்ல?

பூட்லோடர்:
சாம்பிள கூட்டுன்னு தான சொல்றாங்க, பாஸ் ஆகுற வரைக்கும் ஓட்டுன்னு எங்க இருக்கு? என்னைக் கேட்டா டைமிங் டெஸ்ட் மெர்ஜ தடுக்கவே கூடாது, நம்பர எழுதி வெச்சு கிராஃப்ல பாக்கணும், அவ்ளோதான்.

நைட்ஷிப்ட், உங்களுக்கு: 20 வேண்டாம், 500 தடவ ஓட்டி எத்தன தனி அட்ரஸ் வருதுன்னு எண்ணுங்க. 256 இடம்னா சராசரி 220 பக்கம் வரும். ஒரு பிட் போனா கூட 128க்கு மேல ஏறவே முடியாது. 150க்கு கீழ வந்தா ஃபெயில்னு வைங்க. 64 பிட்டுக்கு அந்த அஞ்சு சைபர் செக்.

நைட்ஷிப்ட்:
ஓட்டிப் பாத்தேன், 220ஐயே சுத்தி சுத்தி வருது. ஆனா லீட் இன்னும் "ரீட்ரை லைன் கிடந்துட்டு போகட்டுமே"ங்கிறாரு 🙂

பைப்லைன்பாலு:
லீட் நல்ல மனுஷன். ரீட்ரை இருக்கட்டும், ஆனா முதல் தடவ விழுந்த லாக்கயும் கர்னல் மெசேஜையும் தனியா சேவ் பண்ணிட்டு அப்புறம் ஓட்டட்டும், இதுக்காவது பூட்லோடர் ஒத்துக்குவாரா?

பூட்லோடர்:
லாக் சேவ் பண்ணுங்க. ஏஎஸ்எல்ஆர் டெஸ்ட்டுல மட்டும் அந்த லைன் வேண்டாம்.