எடைக் குறைப்பு குரூப்ல பார்த்த, இன்னும் மனசை அரிக்கிற ஒரு ஆளைப் பத்தி எழுதுங்க

வைகைக்கரை

திங்கள் காலை எடை போடுற குரூப்தான், எல்லாருக்கும் தெரிஞ்ச முறை. ஆறு வாரத்துல 84.6-லிருந்து 81.9-க்கு வந்தவர். சொந்தத்துல கல்யாணம், ரெண்டு நாள். திங்கள் காலை மெஷின் படம் போட்டார்: 83.7. யாரும் பதில் போடுறதுக்குள்ள படத்தை அழிச்சிட்டார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’, அதுக்குக் கீழே ‘வெளியேறினார்’. அந்த ரெண்டு வரிதான் இன்னும் கண்ணுல நிக்குது.

அந்த 1.8 கிலோ கொழுப்பா இருக்கவே முடியாது. ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சப்படணும். ரெண்டு நாள்ல வழக்கத்துக்கு மேல கிட்டத்தட்ட 14,000 கலோரி எந்தப் பந்தியிலயும் உள்ள போகாது. குறைச்சுச் சாப்பிட்ட வாரங்கள்ல தசையிலயும் கல்லீரல்லயும் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து, இருப்பு இறங்கியிருக்கும். சோறும் இனிப்பும் போனதும் அது நிரம்புது. ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வைக்கும்; 300 கிராம் நிரம்பினாலே தண்ணியோட சேர்த்து 1.2 கிலோ. அப்பளம், ஊறுகாய் உப்புக்கு நிக்கிற தண்ணி தனி. குடல்ல இருக்கிற சாப்பாடு தனி. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினா நாலஞ்சு நாள்ல பெரும்பாலும் இறங்கிடும்.

விசேஷத்துக்குக் கிளம்புறவங்களுக்கு முதல் நாளே ஒரு செய்தி போகணும்: “வந்ததும் எடை பார்க்க வேண்டாம், வெள்ளிக்கிழமை காலை பாருங்க.” ஏறின பிறகு இதே விஷயத்தைச் சொன்னா ஆறுதல் சொல்றோம்னுதான் நினைப்பாங்க.

சிறுவாணி

வைகைக்கரை சார், கிளைக்கோஜன் கணக்கு சரி. ஆனா அவரை வெளியே தள்ளினது தண்ணி இல்ல, நம்பரை எல்லார் முன்னாடியும் போடுற ஏற்பாடு.

பெண்கள் மட்டும் இருக்கிற குரூப் ஒண்ணுல ஒரு அக்கா 600 கிராம் ஏறினதைப் போட்டாங்க. அடுத்த வரியிலேயே இன்னொருத்தர், “எனக்கு 900 கிராம் குறைஞ்சிருக்கு!” கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனா அந்த அக்கா அதுக்கப்புறம் ஒரு வார்த்தை எழுதல, மத்தவங்க போடுறதைப் படிச்சிட்டு மட்டும் இருந்தாங்க. அவங்களுக்கு அது மாதவிடாய்க்கு முந்தின வாரம். உடம்புல நீர் கோத்து ஒரு கிலோ வரைக்கும், சிலருக்கு அதுக்கு மேலயும் ஏறும். பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோட ஒப்பிடக் கூடாது. போன மாதவிடாய்ச் சுழற்சியோட மூணாம் வாரத்தை இந்தச் சுழற்சியோட மூணாம் வாரத்தோட ஒப்பிடணும். குரூப்ல ‘பார்த்தாச்சு’ன்னு ஒரு டிக் போதும். நம்பர் அவங்களுக்கும் அட்மினுக்கும் மட்டும்.

நொய்யல்

சிறுவாணி மேடம், முதல் மாசத்துக்கு நீங்க சொல்றது பொருந்தும். அதுக்கு மேல நம்பரை மறைச்சா, ஏறின வாரத்துல மெஷின் பக்கமே போகாம இருந்துட்டு டிக் மட்டும் போடுவாங்க. தினமும் பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் குரூப்ல போட்டா ரெண்டு பேர் சொன்ன பிரச்சினையும் பாதி போயிடும். எழுந்து கழிப்பறை போய்ட்டு, தண்ணி குடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரே மெஷின், டைல்ஸ் தரை. பாய் மேலயோ கார்பெட் மேலயோ வெச்சா தப்பா காட்டும். மெஷினை இடம் மாத்தினா முதல் அளவை விட்டுட்டு ரெண்டாவதை எடுங்க.

நான் சொல்ல வந்தது வேற. திருப்பூர்ல ஒரே பனியன் கம்பெனியில வேலை பார்க்கிற நாலு பேர் பெரிய குரூப் ஒண்ணுல சேர்ந்தாங்க. பெரிய குரூப்ல அவங்க எழுதினதே இல்ல. நாலு பேருக்குள்ள மட்டும் தனியா ஒண்ணு வெச்சிருந்தாங்க. அதுல காலை 5.40-க்கு வர்ற ஒரு வாய்ஸ்: “வாசல்ல நிக்கிறேன்க்கா, செருப்பு போட்டாச்சா?” நாலே வார்த்தை. குரூப்ல நூத்துக்கணக்கான பேர் ஊக்கமொழி போட்டும் நடக்காத ஒண்ணை அது நடத்துச்சு. ஏன்னா அங்க நிஜமாவே ஒருத்தர் காத்துக்கிட்டு நின்னாங்க.

இதுக்கு ஆய்வும் இருக்கு. எடைக் குறைப்பு ஆய்வாளர்கள் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி 1999-ல வெளியிட்டது. தனியா வந்து வழக்கமான சிகிச்சை எடுத்தவங்கள்ல 76 சதவீதம் பேர் நாலு மாசத் திட்டத்தை முடிச்சாங்க. மூணு நண்பர்களோட வந்து, ஒருத்தரை ஒருத்தர் தாங்கிக்கிற பயிற்சியும் எடுத்தவங்கள்ல 95 சதவீதம். பத்தாம் மாசம் வரைக்கும் குறைச்ச எடையை முழுசா காப்பாத்தினவங்க, தனியா வந்தவங்கள்ல 24 சதவீதம், நண்பர்களோட வந்தவங்கள்ல 66. அட்மின்கள் செய்ய வேண்டியது, பெரிய குரூப்பை நாலு நாலா உடைக்கிறது. ஒரே ஊரா இருக்கணும்னு அவசியம் இல்ல. எழுந்திருக்கிற நேரமும் ஷிஃப்ட்டும் ஒத்துப் போகணும். ஒருத்தர் விலகி மூணு பேர் ஆனாலும் ஓடும். ரெண்டு பேர் ஆனதும் வேற நாலோட சேர்த்துடுங்க. இல்லன்னா ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்த வாரத்துல ரெண்டு பேருமே நின்னுடுவாங்க.

வார்டு அக்கா

எடை ஏறினதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு குரூப்பில் 16 மணி நேர விரதச் சவால். காலை 11 மணிக்கு ஒருவர் எழுதுகிறார்: “கை நடுங்குது, வேர்க்குது.” கீழே வரிசையாக, “தாக்குப் பிடிங்க ப்ரோ, இன்னும் ஒரு மணி நேரம்தான்!” அவர் சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர். வீட்டில் விரலில் குத்திப் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை 58.

சர்க்கரை 70-க்குக் கீழே போனால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவு மறுபடி. ஏறிய பிறகு இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும். சாக்லேட், பிஸ்கட் வேண்டாம்; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றாமல் விரதச் சவாலில் இறங்கக் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் சோற்றை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இது வரும் என்பதால் குளுக்கோமீட்டரை மட்டும் நம்ப முடியாது. வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு என்றால் உடனே மருத்துவமனை. குரூப்பில் சேர்க்கும்போதே எந்த மாத்திரை என்று கேட்டு எழுதி வையுங்கள். “தாக்குப் பிடிங்க” என்று எழுதுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

செக்குமேடு

தினமும் தட்டுப் படம் போடுற ஒரு அம்மா. காய் நிறைய, சோறு அளவா, ஒரு முட்டை. ரெண்டு மாசமா எடை அசையல. “படம் பார்த்துச் சொல்லுங்க, இதுல என்ன தப்பு?”ன்னு அவங்க கேட்ட கேள்வி மனசுலயே நிக்குது. படத்துல எண்ணெய் தெரியாது.

எல்லாரும் வீட்ல ஒண்ணு செய்யுங்க. எண்ணெய் பாக்கெட் பிரிக்கிற அன்னிக்கு அது மேலயே தேதி எழுதுங்க. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம், அதாவது 8,200 கலோரி. நாலு பேர் இருக்கிற வீட்ல அது ஆறு நாள்ல தீர்ந்தா ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், 340 கலோரி. ஹோட்டல்ல சாப்பிட்டது இதுல சேராது. ஆளுக்கு 20-லிருந்து 25 கிராம்னு வெச்சா அதே பாக்கெட் ஒன்பது நாள்லேர்ந்து பதினோரு நாள் வரணும். பாட்டில்லேர்ந்து நேரா சட்டியில ஊத்துறதை நிறுத்திட்டு டீஸ்பூனால எடுங்க, 5 மில்லி, 40 கலோரி. தோசைக்கு ஓரத்துல சுத்தி விடுறது பெரும்பாலும் ரெண்டு டீஸ்பூன் வந்துடும். மூணு தோசைன்னா எண்ணெய் மட்டுமே 240. வெங்காயத்தைப் பாதி வெந்ததும் ஒரு கை தண்ணி தெளிச்சு வதக்கினா அடிப்பிடிக்காது, எண்ணெயும் பாதியாகும். அரிசியைப் பச்சையா இருக்கும்போதே நிறுங்க: 100 கிராம் சுமார் 350 கலோரி. வெந்த சோறு தண்ணிக்குத் தகுந்தபடி எடை மாறும், அதை நம்பக் கூடாது. தேங்காய்ச் சட்னி, வேர்க்கடலைச் சட்னி ரெண்டையும் கரண்டிக் கணக்குல சொல்லணும். தட்டுப் படத்தோட, வாரம் ஒரு தடவை எண்ணெய் பாக்கெட் படமும் போடச் சொன்னா பாதிக் கேள்விக்கு அதுலயே பதில் இருக்கும்.

மூணாவது கேட்

நொய்யல் சொன்ன நாலு பேர் முறைக்கு நேர் எதிரானது, யார் எத்தனை அடி நடந்தாங்கன்னு வரிசைப்படுத்துற ஸ்டெப்ஸ் பட்டியல். 112 கிலோ இருக்கிற ஒருத்தர், நாளுக்கு 2,500 அடி நடந்துக்கிட்டிருந்தவர், பட்டியல்ல கடைசியா வரக் கூடாதுன்னு முதல் வாரமே 10,000. மூணாவது வாரம் அவர் போட்டது: “படுக்கையிலேர்ந்து இறங்கி முதல் அடி வைக்க முடியல.” குதிகால் சவ்வு வீங்கியிருக்கு.

10,000-ங்கிறது மருத்துவ அளவு இல்ல. 1965-ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த மான்போ-கெய் (‘பத்தாயிரம் அடி மீட்டர்’னு அர்த்தம்) அடிமானியோட பேர்லேர்ந்து வந்தது. இப்ப நடக்கிறதுக்கு மேல, ஒவ்வொரு வாரமும் நாளுக்கு 1,000 அடி கூட்டினா போதும். பட்டியல் வேணும்னா, அவங்கவங்க பழைய சராசரிக்கு மேல எத்தனை சதவீதம்னு போடுங்க.

வைகைக்கரை

நொய்யல், நாலு நாலா உடைக்கிறதை அடுத்த மாசம் செஞ்சு பார்க்கிறோம். வார்டு அக்கா, உங்க மாத்திரைப் பட்டியலை அப்படியே சேர்க்கைப் படிவத்துல போட்டாச்சு.

பழைய கணக்கு

யாரும் தொடாத ஒன்று. இலக்கை எட்டியவர். 68 கிலோ. குரூப்பே கொண்டாடியது, கிரீடம் வைத்த படம் போட்டார்கள், அவரும் நன்றி சொல்லிவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு வேறு எண்ணிலிருந்து சேர்ந்தார், 77-இல். பழைய ஆள் என்று யாருக்கும் சொல்லாமல் புதியவர் மாதிரி “வணக்கம்” என்று எழுதினார்.

அமெரிக்காவில், நொய்யல் சொன்ன அதே ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில் என்ற ஆய்வாளரும் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டாவது காப்பாற்றியவர்கள்தான் அதில் சேரலாம். அவர்களில் நான்கில் மூன்று பேர் இலக்கை எட்டிய பிறகும் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். குறைக்கும் குரூப் முடிந்ததும் காக்கும் குரூப் ஒன்று வேண்டும். அதில் இலக்கு ஒரே எண்ணாக இருக்கக் கூடாது, வரம்பாக இருக்க வேண்டும். 68 என்றால் 67 முதல் 70 வரை. ஏழு நாள் சராசரி 70-ஐத் தாண்டினால், அன்று முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை எழுதி அனுப்புவது. தாண்டாதவரை வாரம் ஒரு டிக் போதும். சிறுவாணி சொன்ன முறை இங்கேதான் சரியாக உட்காரும்.